ஒரு மணி, ஒரே அவரோகணம், ஐந்து வேகம்

வயலின்கள் கூட்டமாக மெல்ல இழைந்தால் அது சோகம் என்று சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. அங்கே காட்சி முன்னால் வரும், இசை பின்னால் நின்று "இப்போது அழலாம்" என்று தோளைத் தட்டும். இன்னொரு வகை இசை உண்டு: காட்சியும் கிடையாது, பாடல் வரியும் கிடையாது, முணுமுணுக்க ஒரு மெட்டுகூடக் கிடையாது. வெறும் ஆர்கெஸ்ட்ரா மட்டும் ஆறேழு நிமிடம் வாசிக்கிறது, கேட்டவர் தொண்டை அடைத்து உட்கார்ந்திருக்கிறார். இது எப்படி?

"ஆன்மாவைத் தொடும் இசை" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் இந்த வகை இசை விஷயத்தில் அதைவிடத் தெளிவாகவே பதில் சொல்ல முடியும். காரணம், அதன் உள்கட்டுமானம் மிகச் சில விதிகளால் ஆனது. விதிகளைத் தெரிந்துகொண்டால் உணர்ச்சி குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும்.

ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கலாம். எஸ்தோனியாவைச் சேர்ந்த ஆர்வோ பேர்ட் 1977-இல் எழுதிய 'கான்டஸ்', ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக எழுதப்பட்டது. பிரிட்டன் இறந்தது 1976 டிசம்பர் 4-ஆம் தேதி. அவருடைய இசையின் தூய்மையைத் தான் அப்போதுதான் கண்டுகொண்டதாகவும், நேரில் சந்திக்க நினைத்திருந்தபோதே அவர் போய்விட்டதாகவும் பேர்ட் சொல்லியிருக்கிறார். துக்கம் விசாரிக்கப் போக முடியாதவர் அனுப்பிய கடிதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1950களிலும் 60களிலும் ஐரோப்பிய நவீன இசை மிகவும் கடுமையான பாதையில் இருந்தது. பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் சம உரிமை, ஆதார ஸ்ருதி என்ற ஒன்றே கூடாது, காதுக்கு இதமாக ஒலித்தால் சந்தேகம். பேர்டும் அந்த வழியில் எழுதியவர்தான். 1968-க்குப் பிறகு அவர் ஏறக்குறைய எழுதுவதையே நிறுத்தினார். எட்டு ஆண்டுகளில் 1971-இல் வந்த மூன்றாம் சிம்பொனியைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அவர் படித்தது பழைய தேவாலயப் பாடல்களையும், மறுமலர்ச்சிக் காலத்துக்கு முந்தைய பல்குரல் இசையையும். 1976-இல் பியானோவுக்காக ஒரு குட்டித் துண்டோடு திரும்பி வந்தார். அதில் புதிதாக ஒரு முறை இருந்தது. சிறு மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'டின்டினபுலி' என்று பெயர் வைத்தார்.

முறை இதுதான். எப்போதும் இரண்டு குரல். ஒன்று ஸ்வர வரிசையில் படிப்படியாக நடக்கும். மற்றது நடக்காது. ஆதார ஸ்வரக்கட்டின் (சேர்ந்து ஒலிக்கும் 'கார்டின்') மூன்று ஸ்வரங்களில் மட்டும் நிற்கும், நடக்கும் குரலுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தொடும். மேற்கத்தியக் கணக்கில் 'ஏ மைனர்' என்றால் அந்த மூன்று ஸ்வரம் ஏ, சி, ஈ. நம் கணக்கில் ஏ-வை ஸட்ஜமாக வைத்தால் ஸ, சாதாரண காந்தாரம், ப.

'கான்டஸ்' முழுக்க இந்த ஏ மைனரின் இறங்குவரிசை மட்டுமே. ஸ நி த ப ம க ரி ஸ. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது நடபைரவியின் அவரோகணம். ஆனால் ராகமாக நினைத்துக் கேட்க வேண்டாம். கமகம் இல்லை, பிடிகள் இல்லை, படிக்கட்டு மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் படிக்கட்டில் இறங்கும் விதம் விசித்திரமானது.

ஸ
ஸ நி
ஸ நி த
ஸ நி த ப
ஸ நி த ப ம

ஒவ்வொரு முறையும் மேலே போய் முதலிலிருந்து தொடங்கி, போன தடவையைவிட ஒரே ஒரு படி கூடுதலாக இறங்கும். மறுபடி மேலே. மறுபடி ஒரு படி கூட. தாளக்காரர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: ஊற்றாகத் தொடங்கி ஆறாக விரியும் ஸ்ரோதோவஹ யதி. ஸ்வரங்களின் கால அளவு நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை என்று மாறி மாறி வரும். நெட்டை இரண்டு பங்கு, குட்டை ஒரு பங்கு. அவ்வளவுதான் மூலப்பொருள். ஒரு பள்ளி மாணவர் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

மேதைமை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. இதே வரிசையைத் தந்தி வாத்தியங்களின் ஐந்து குழுக்கள் வாசிக்கின்றன: முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில். முதல் வயலின் ஒரு பங்கு எடுக்கும் இடத்தில் இரண்டாம் வயலினுக்கு 2, வியோலாவுக்கு 4, செல்லோவுக்கு 8, டபுள் பாஸுக்கு 16. பல்லவியை ஒரு வித்வான் மூன்று காலத்தில் பாடுவார், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. இங்கே ஐந்து காலம் ஒரே நேரத்தில் ஓடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பாரம் புரியும். முதல் வயலின் பத்துச் சுற்று முடிக்கிறது என்று வையுங்கள். 1+2+3 என்று பத்து வரை கூட்டினால் 55 ஸ்வரம். டபுள் பாஸ் அதே கணத்தில் தொடங்கியிருந்தால்கூட அதற்குள் மூன்று ஸ்வரம்தான் வாசித்திருக்கும்: ஸ, ஸ நி. மேலே மழை மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் அதே மழை, பாறை நகரும் வேகத்தில். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று மூளைக்குத் தெரியாது. காதுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

வியோலா தவிர மற்ற நான்கு குழுக்களும் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பாதி படியிறங்கும் குரல், மறுபாதி அந்த நடக்காத குரல், அதாவது மணிக்குரல். மணிக்குரல் எப்போதும் கீழே, பக்கத்தில் உள்ள ஸ, க, ப-வில் ஒன்றைப் பிடிக்கும். ஸ வரும்போது கீழே ப, நி வரும்போதும் ப. இரண்டும் இதமான ஜோடிகள். த வரும்போதும் ப. இங்கே உரசல், ஏனென்றால் சுத்த தைவதத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே அரை ஸ்வரம்தான் தூரம். ப வரும்போது க, மறுபடி இதம். ம வரும்போது க, லேசான உரசல். இப்படி இதமும் உரசலும் எழுதினவர் மனநிலைப்படி வருவதில்லை, விதிப்படி வருகின்றன. "இந்த இடத்தில் உருக வைக்கலாம்" என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அந்த இசையில் கெஞ்சல் இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். கெஞ்சாத துக்கம்தான் அதிகம் தாக்கும் என்பது நாம் அறிந்ததே.

கேட்பவருக்குள் என்ன நடக்கிறது? மூன்று, நான்கு சுற்றுக்குள் காது விதியைக் கற்றுக்கொள்கிறது. பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அடுத்து இறங்கும் என்று தெரிகிறது. அப்புறம் ஆச்சரியத்துக்கு இடமில்லை, காத்திருப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதே நேரம் ஒலி அளவு ஏறிக்கொண்டே போகிறது: மிக மெல்லிய தொடக்கத்திலிருந்து கடைசியில் உச்சபட்சம் வரை. ஸ்வரம் இறங்குகிறது, சத்தம் ஏறுகிறது. சாதாரணமாக ஒரு குரல் இறங்கினால் தணியும், ஏறினால் ஓங்கும். இங்கே இரண்டும் எதிர்த்திசையில் போவதால் இளைப்பாற இடமே கிடைப்பதில்லை. இறங்குவரிசைக்கும் இழவுக்கும் ஐரோப்பிய இசையில் பழைய உறவு உண்டு. 17-ஆம் நூற்றாண்டு ஓபராக்களில் நாயகி புலம்பும்போது கீழ்க்குரல் படிப்படியாக இறங்குவது வழக்கம். பேர்ட் அந்த ஒரு சைகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிவிட்டார்.

இனி முடிவு. படியிறங்கிய ஒவ்வொரு குழுவும் தனக்கான கடைசி ஸ்வரத்தை அடைந்ததும் அங்கேயே நின்றுவிடும். முதலில் சேர்வது வேகமான முதல் வயலின், பியானோவின் நடு சி-யில். அது அப்படியே பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கும். ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். கடைசியில் ஐந்து குழுவும் ஒரே ஏ மைனர் ஸ்வரக்கட்டில், முழு பலத்தில், நகராமல். பிறகு அது சட்டென்று நிற்கும்.

நின்ற பிறகு ஒரு ஒலி மிச்சம் இருக்கும்.

அதுதான் மணி. படைப்பின் தொடக்கத்தில் நிசப்தத்துக்குப் பிறகு முதலில் கேட்டதும் அந்த மணிதான், ஏ ஸ்வரத்தில். அதன் கடைசி அடி, தந்திகள் உச்சத்தில் இருக்கும்போது மிக மெதுவாக அடிக்கப்படுகிறது. அடித்தது யாருக்கும் கேட்காது. தந்திகள் நிற்கும்போதுதான் அதன் ரீங்காரம் வெளிப்படும். அடித்த கணமே இல்லாத மணியோசை. இந்த ரீங்காரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏ-யின் இயல்பான மேல்தொனிகளில் நான்காவது சி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாமலே தானாகக் கேட்கும் ஸ்வயம்பு காந்தாரமும் இதே கணக்கில் வருவதுதான். ஆறு நிமிடமாகச் சாதாரண காந்தாரத்தின் இருட்டிலேயே இருந்த காதுக்கு, எல்லாம் முடிந்தபின் ஏ மேஜரின், அதாவது அந்தர காந்தாரத்தின், நிழல் விழுகிறது. எல்லா மணியிலும் இது ஒரே தெளிவோடு கேட்காது. வார்ப்பும் அரங்கமும் பொறுத்தது. கேட்கும் பதிவு கிடைத்தால் விடாதீர்கள்.

எங்கே தவறும்

தாளில் இவ்வளவு எளிமையாக இருக்கிற இசையைக் கெடுப்பதும் எளிது. ஆர்கெஸ்ட்ரா செய்யும் முதல் தவறு, சீக்கிரமே சத்தம் கூட்டிவிடுவது. பாதியிலேயே உச்சத்தைத் தொட்டால் மீதிப் பாதி வெறும் இரைச்சல்தான். இரண்டாவது, வில். டபுள் பாஸின் நெட்டை ஸ்வரம் பத்து விநாடிக்கும் மேல் நீளும். மெல்லிய ஒலியாக இருந்தால் ஒரே வில் இழுப்பில் சமாளிக்கலாம். உரத்து வாசிக்கும்போது வில் சீக்கிரம் தீர்ந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பினால் ஒலியில் ஓட்டை விழும். அதனால் பக்கத்து நாற்காலிக்காரர் திருப்பாத நேரம் பார்த்து ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். மூன்றாவது, கடைசி மணியைக் கொஞ்சம் பலமாக அடித்துவிடுவது. அடி கேட்டுவிட்டால் மந்திரம் போச்சு.

நான்காவது தவறு ரசிகர்களுடையது. தந்திகள் நின்றதும் கைதட்டிவிடுவார்கள். நல்ல நடத்துநர்கள் கையை இறக்காமல் காற்றில் பிடித்தபடி நிற்பது இதற்காகத்தான்.

வீட்டில் கேட்பதில் வரும் கோளாறுகள் வேறு. கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால் கதை பாதிதான். டபுள் பாஸின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கைபேசி ஸ்பீக்கர் அவ்வளவு கீழே போகாது. ஐந்து வேகத்தில் மிக மெதுவான வேகமே காணாமல் போகும், பாறை இல்லாத மழை. காதை மூடும் ஹெட்போனோ, ஓரளவு நல்ல ஸ்பீக்கர் ஜோடியோ வேண்டும். செயலியில் இரண்டு விஷயங்களை அணையுங்கள். ஒன்று க்ராஸ்ஃபேட்: அது இருந்தால் மணியின் ரீங்காரத்தின் மேல் அடுத்த பாட்டு ஏறி உட்காரும். இன்னொன்று ஆட்டோபிளே. விளம்பரம் வரும் இலவசக் கணக்கில் இதைக் கேட்பது வீண்தான். துக்க வீட்டில் சோப்பு விற்கிற மாதிரி இருக்கும். மின்விசிறியையும் ஏழு நிமிடம் நிறுத்தலாம். தொடக்க நிசப்தமும் முதல் மணியும் அதன் சத்தத்தில் மூழ்கிவிடுகின்றன.

ஒலியளவில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தொடக்கம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவார்கள், நான்காம் நிமிடத்தில் காது வலித்துக் குறைப்பார்கள். குறைத்த கணத்தில் அந்த நீண்ட ஏற்றம் உடைந்துவிட்டது. சரியான வழி: முதலில் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் போட்டு, அது உரத்தும் தாங்கக்கூடியதாகவும் இருக்கும் அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கி, முடியும்வரை கை வைக்காதீர்கள்.

மூன்று தடவை கேளுங்கள், ஒரே நாளில் வேண்டாம். முதல் தடவை எதையும் தேடாமல். இரண்டாம் தடவை முதல் வயலினை மட்டும் பின்தொடருங்கள்: ஒவ்வொரு முறை மேலே திரும்புவதையும் ஒரு படி கூடுவதையும் விரல்விட்டு எண்ணலாம். கொஞ்ச நேரத்தில் சுற்று நீண்டு எண்ணிக்கை தவறும், தவறட்டும். மூன்றாம் தடவை டபுள் பாஸ். அது எப்போது நுழைந்தது என்று பிடிப்பதே சவால். பெரும்பாலும் நுழைந்து வெகுநேரம் கழித்துத்தான் "இது எப்போது வந்தது?" என்று தோன்றும். படிக்கும்போதும் வேலை செய்யும்போதும் பின்னணியில் ஓடவிடுவதற்கு இது தோதான இசை என்று பல பட்டியல்களில் சேர்த்துவிடுகிறார்கள். வேண்டாம். காத்திருப்பில் உண்டாகும் உணர்ச்சி, காத்திருக்காதவருக்குக் கிடைக்காது.

இன்னொரு வழி: குரெட்ஸ்கி

இதே குடும்பத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போலந்தின் ஹென்ரிக் குரெட்ஸ்கி 1976-இல் எழுதிய மூன்றாம் சிம்பொனி, 'சோகப் பாடல்களின் சிம்பொனி'. ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு சோப்ரானோ (உயர்ந்த ஸ்தாயிப் பெண் குரல்) பாடகி. 1977-இல் பிரான்ஸின் ருவாயன் நகரில் முதலில் வாசிக்கப்பட்டபோது விமர்சகர்களிடம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டது. நவீன இசை விழாவில் இப்படி ஒரு எளிமையா என்று. 1992-இல் டான் அப்ஷா பாட, டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசித்த பதிவு வெளிவந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிரிட்டனில் பாப் ஆல்பங்களோடு போட்டியிட்டு 6-ஆம் இடம் வரை ஏறியது. கேட்பவர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

பேர்ட் மேலிருந்து இறங்கினார் என்றால் குரெட்ஸ்கி அடியிலிருந்து ஏறுகிறார். முதல் பகுதி டபுள் பாஸில், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் தொடங்கும். 24 தாளக்கட்டம் நீளமுள்ள ஒரு மெட்டு. அது முடிந்ததும் அடுத்த குழு அதையே ஐந்தாம் ஸ்வரம் மேலே தொடங்க, முதல் குழுவும் கூடவே தொடரும். இப்படி அடுக்கு மேல் அடுக்கு. எல்லாத் தந்திகளும் நிறைந்து ததும்பும் இடத்தில் அனைத்தும் ஒதுங்க, ஒரு பெண் குரல் வரும். சிலுவையில் மகன் சாகும்போது மரியாள் புலம்பும் 15-ஆம் நூற்றாண்டுப் பாடல். அவள் முடித்ததும் தந்திகள் திரும்பி வந்து, ஏறிய வழியே ஒவ்வொரு அடுக்காகக் கழன்று, கடைசியில் டபுள் பாஸில் போய் அடங்கும். இந்தப் பகுதி மட்டும் 25 நிமிடத்துக்கு மேல் ஓடும், கிட்டத்தட்ட சிம்பொனியில் பாதி. புதியவர் இதிலிருந்து தொடங்கினால் பத்து நிமிடத்தில் ஓடிவிடுவார். சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

அந்த இரண்டாம் பகுதியின் வரிகள் ஒரு சுவரிலிருந்து எடுக்கப்பட்டவை. 1944 செப்டம்பரில் போலந்தின் ஜகோபானே நகரில் கெஸ்டபோ (நாஜிகளின் ரகசியப் போலீஸ்) சிறையில் அடைக்கப்பட்ட ஹெலனா வாண்டா புவாஷுஷியாக் என்ற 18 வயதுப் பெண் அறைச் சுவரில் கீறிவைத்தது: அம்மா, அழாதே. பிறகு மரியாளை நோக்கி ஒரு வேண்டுதல். கீழே தன் பெயர், வயது, அடைக்கப்பட்ட நாள். மற்ற கைதிகள் சுவரில் எழுதியவற்றில் "கொலைகாரர்கள்", "நான் நிரபராதி" என்ற கூக்குரல்கள் இருக்க, இந்தப் பெண் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் குரெட்ஸ்கியைத் தொட்டது. இந்த சிம்பொனியை நாஜி வதைமுகாமான அவுஷ்விட்ஸைப் பற்றியது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை. மூன்று பகுதியிலும் பொதுவாக இருப்பது தாயும் பிள்ளையும் பிரிவதுதான். மூன்றாம் பகுதியில், ஓபோலே வட்டார நாட்டுப்பாடலில், கொல்லப்பட்ட மகனின் உடலைத் தேடி ஒரு தாய் அலைகிறாள்.

இங்கே வரிகளின் பொருளைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லதா? முதல் தடவை தெரியாமலே கேளுங்கள். போலிஷ் மொழி தெரியாதது ஒரு வசதி. மெதுவான இரண்டு ஸ்வரக்கட்டுகள் தாலாட்டுபோல மாறி மாறி அசைய, அதன் மேல் குரல் சின்னச் சின்ன ஏற்றங்களாக ஏறும். அது பிரார்த்தனையா, தாலாட்டா, அழுகையா என்று குழப்பமாக இருக்கும். குழம்பட்டும், பொருளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் போட வேண்டாம். காது மரத்துவிடும், இரண்டாவது வெறும் சோக இசையாகிவிடும். இடையில் ஓரிரு நாள் விட்டு, அடுத்ததாக அமெரிக்கரான சாமுவேல் பார்பர் தந்திகளுக்கு எழுதி 1938-இல் அரங்கேறிய 'அடாஜியோ'வைக் கேட்கலாம். அதில் நீண்ட ஏற்றத்தின் உச்சியில் ஆர்கெஸ்ட்ரா முழுதும் ஒரு கணம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். அங்கே மணி இல்லை.